சோடியம் சும்மா கொடுக்காது

பிளஸ் ஒன்னுக்கு வேதியியல் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், உலோகம் அயனியாகும் சமன்பாட்டை எழுதச் சொன்னால் பாதி வகுப்பு யோசிக்காமலே எழுதிவிடும். சோடியம், அம்புக்குறி, சோடியம் அயனி, கூட்டல் எலக்ட்ரான், முடிந்தது. அலுமினியத்துக்கு மூன்று எலக்ட்ரான் எழுதிவிட்டு அயனியின் தலையில் இரண்டு பிளஸ் போடுவதெல்லாம் சின்ன விஷயம். இரண்டு பக்கமும் மின்சுமையைக் கூட்டிப் பார் என்றால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

எனக்குக் குடைச்சல் கொடுப்பது சரியாக எழுதுகிற பிள்ளைகள்தான். சோடியம் ஏன் எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்றால் "எட்டு ஆகணும்ல சார், தானா குடுத்துடும்" என்பார்கள், வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணு நிலையாகிவிடும் என்ற கணக்கில். பத்தாவது வரை நாமே சொல்லிக்கொடுத்த கதை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வாயு நிலையில் தனியாக இருக்கும் சோடியம் அணுவிலிருந்து அந்த ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகும். அதனால் என் வகுப்பில் அம்புக்குறிக்கு இடப்பக்கம் அந்த ஆற்றலையும் எழுதியாக வேண்டும், பொதுத்தேர்வில் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

"அப்புறம் தண்ணியில போட்டா ஏன் சார் தீப்பிடிக்குது?" என்று ஒருத்தி மடக்கினாள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன். உருவான அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது 400 கிலோஜூல் அளவுக்குத் திரும்பி வந்துவிடுகிறது; இதற்குப் பெயர்தான் நீரேற்றம். போன எலக்ட்ரான் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் மீதியும் வந்து, மிச்சமும் ஆகிறது. அந்த மிச்சம்தான் சூடு.

மக்னீசியத்தில் இது இன்னும் தெளிவாகும். முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 738 கிலோஜூல், இரண்டாவதற்கு 1451, மூன்றாவதற்கு 7733. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பேசாமல் நின்றால் போதும். முதல் இரண்டுக்கும் வாங்கிய கடனில் பெரும்பகுதியை நீரேற்றமே அடைத்துவிடும், மூன்றாவதற்கு எவனும் கடன் தரமாட்டான் என்று பின்பெஞ்சுக்காரனே சொல்லிவிடுவான்.

சிக்கல் இரும்பில்தான். அதன் வெளிப்பக்க எலக்ட்ரான்கள் 3டி, 4எஸ் என்ற இரண்டு துணைக்கூடுகளில் இருக்கும். 3டி கடைசியாக நிரம்பியது, அதனால் அதிலிருந்துதான் முதலில் போகும் என்று எழுதி, இரும்பு இரண்டு பிளஸ் அயனிக்கு 3டி-யில் நான்கு, 4எஸ்-இல் இரண்டு என்று வைப்பார்கள். முதலில் வெளியேறுவது 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும். 3டி-யில் ஆறும் அப்படியே இருக்கும். இதற்குக் காரணம் சொல்லி முடிக்க ஒரு பீரியட் பத்தாது, அதனால் அடுத்த நாளைக்கும் தள்ளி வைத்துவிடுவேன்.