முதலிடத்தில் இருந்தவர் மறுநாள் வெளியே

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை கொஞ்சம் வேடிக்கையானது. எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து இருவரை மட்டும் மிச்சம் வைப்பார்கள். அப்புறம்தான் கட்சி உறுப்பினர்கள் முறை. 2024 அக்டோபரில் ஜேம்ஸ் கிளெவர்லி 39 வாக்குகளோடு முதலிடம். மறுநாளே 37, மூன்றாமிடம், ஆட்டம் குளோஸ்! போட்டியில் இருந்த மற்ற இருவரில் கெமி பேடனாக் 42, ராபர்ட் ஜென்ரிக் 41. இறுதிப் போட்டிக்கு எளிதான எதிராளி வேண்டும் என்று கிளெவர்லியின் ஆதரவாளர்கள் சிலர் வாக்கை மாற்றிப் போட்டுக் கோட்டை விட்டார்கள் என்று அப்போது பேச்சு. ரகசிய வாக்கு, யாரிடம் போய்க் கேட்பது? நவம்பர் 2 அன்று கெமி பேடனாக் தலைவரானார்.

2022இல், கட்சி ஆட்சியில் இருந்தபோது, உறுப்பினர்கள் ரிஷி சுனக்கை விட்டுவிட்டு லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தார்கள். அவர் பிரதமராக இருந்தது 49 நாள். அடுத்து சுனக் வந்தபோது உறுப்பினர்களைக் கேட்கவே இல்லை. எதிர்த்து நிற்க ஆளில்லை.