ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு ஓடத் தொடங்கினேன், வீடே கூட வந்தது

உடல் எடையைக் குறைக்க எனக்குச் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குறுகலான குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான். அதனால் பசியும் அடங்கிவிடுகிறது. எடை குறைந்த கதையை நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது அதற்கப்புறம் ஓடத் தொடங்கியதைப் பற்றி.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே எழுப்பி நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. வீட்டுக்கு வந்த பிறகும் நடைதான். ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. சின்ன மகன் "தூக்கு" என்று கையை நீட்டும்போதெல்லாம், நான் பதில் சொல்லும் முன்பே அத்தை வந்து அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். என் கணவரைப் பெற்றவர் எனக்குச் செய்த உதவிகளில் இதை நான் மறக்கவே மாட்டேன்.

ஓடலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்பினார். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி. எல்லாம் பார்த்த பிறகே சரி என்றார். ஓடிப் பழகாதவர்களைப் படிப்படியாக 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் கவுச் டு 5கே திட்டத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் என் மகள். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ல் தன் அம்மாவையும் மனதில் வைத்து உருவாக்கியதாம், அதனால் அவளுக்குப் பிடித்துப்போனது. முதல் வாரத்தில் 60 நொடி மெல்ல ஓட்டம், 90 நொடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள். ஒன்பது வாரத்தில் முடிகிற திட்டம்தான், ஆனால் நான் ஒவ்வொரு வாரத்தையும் உடம்பு பழகும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன். அவசரம் எதற்கு?

மூச்சு வாங்கியதைவிட என்னைப் படுத்தியது தண்ணீர். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மடமடவென்று குடிக்க முடியாது. இரண்டு வாய் சேர்த்து விழுங்கினாலே நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி அடைக்கும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ஆக, ஒன்றரை லிட்டரை நாள் முழுக்கச் சிறுகச் சிறுக உள்ளே அனுப்ப வேண்டும். ஓட்டம் முடிந்ததும் குடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் மகள் சைக்கிளில் கூடவே வந்தாள். ஓட்டம் நடையாக மாறும் ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நீட்டுவாள்: ஒரு மிடறு, அவ்வளவுதான். "அம்மா, ஒரு வாக்கியம் முழுசா சொல்லுங்க" என்பாள் நடுநடுவே. மூச்சு திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் குறைக்க வேண்டும். பயிற்சியாளர்கள் சொல்லும் பேச்சுச் சோதனைதான் இது. அவள் அதைக் காவல்காரி மாதிரி நடத்தினாள். நானும் கேட்டு நடந்தேன்.

ஓட்டக்காரர்கள் குடிக்கும் இனிப்புப் பானங்களும் சர்க்கரை ஜெல்லும் எனக்கு ஆகாது. சர்க்கரை வேகமாகக் குடலுக்கு இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு எல்லாம் வரும். டம்பிங் என்பார்கள். எடை குறைக்க இரைப்பையில் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவிலும் வரலாம்.

ஒரு கட்டத்தில் குனிந்து நிமிர்ந்தாலே கண் இருட்டத் தொடங்கியது. ஓட்டத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. கணவர் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்ததுமே பிரஷர் மாத்திரையைக் குறைத்தார். பழைய எடைக்குக் கொடுத்த அளவு இந்த உடம்புக்கு அதிகமாகிவிட்டதாம். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். தலைசுற்றலைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள், அதே சமயம் மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

தொங்கும் தோலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓடும்போது வயிற்று மடிப்பும் தொடையும் உரசிப் புண்ணாகிவிடும். இறுக்கமான உடையும், உரசும் இடத்தில் வாசலினும் போதும்.

சாப்பாட்டுப் பக்கம் அத்தையின் பொறுப்பு. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். பசியே இல்லாதவளுக்கு அது பெரிய அளவு. தட்டில் புரதத்தை முதலில் வைத்து, அது தீர்ந்த பிறகுதான் மற்றதை எடுத்து வருவார். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதால், நேரத்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியதும் அவர்தான்.

இதையெல்லாம்விடப் பெரிதாக நான் நினைப்பது ஒன்று உண்டு. எடை அசையாமல் நின்ற வாரங்களில் "குறைஞ்சுதா?" என்ற கேள்வி வீட்டில் எழவே இல்லை. கணவர் எடைக் கருவியைப் பரணில் ஏற்றிவிட்டார், மாதம் ஒரு முறைதான் இறக்குவோம். மற்ற நாளெல்லாம் "இன்னைக்கு எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

இப்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். 10-க்குப் போக ஆசை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. அது முடியும் வரை பாட்டிலோடு சைக்கிளில் வரப்போவது என் கணவர்.