லிசனிங் வகுப்பு

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் லிசனிங் பகுதியில், அதாவது காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில், 40 கேள்வி, ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். அந்தப் பயத்தில் மாணவர்கள் மாதிரித் தேர்வாகவே எழுதித் தள்ளுகிறார்கள். அதில் மதிப்பெண் தெரியும், காது பழகாது.

நான் சின்னத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டு எழுதச் சொல்வேன். எழுத்தில் பார்த்தால் எல்லாம் ஐந்தாம் வகுப்பு வார்த்தைகள். ஆனால் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' காதில் 'வாட்டயகனடூ' என்றல்லவா விழுகிறது! பள்ளிக்கூடத்தில் யார் அப்படிப் பேசிக் காட்டினார்கள்?

அப்புறம் தேர்ட்டீன், தேர்ட்டி குழப்பம். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனித்தால் பாதி தீரும். 'செவ்வாய்... இல்லையில்லை, புதன்' என்று பேசுபவரே மாற்றுவார். நம் ஆட்கள் செவ்வாயை எழுதிப் பேனாவை மூடியிருப்பார்கள்.

சப்டைட்டிலோடு படம் பார்த்தால் போதாதா சார் என்கிறார்கள். முதலில் அது இல்லாமல் கேளுங்கள், பிறகு போட்டுச் சரிபாருங்கள் என்றால், "கதை புரியாதே சார்!"