சருகும் போனும்

ஒக்டோபர் 17
அப்பாவுக்கு ஸ்கான் எடுத்தாச்சு. பத்து நாளில் போன் வருமாம். ரொறன்ரோ, ஸ்காபரோ வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா ஜாக்கெட்டைக் கூடக் கழற்றாமல் பின்வளவுக்குப் போய், "பிள்ளை, உள்ளிக்குப் பாத்தி கொத்தியாச்சோ?" என்றார்.

கொத்தவில்லை.

ஒக்டோபர் 19
42 வெள்ளுள்ளிப் பல் நட்டோம். கூர் மேலே, இரண்டு அங்குல ஆழம். அப்பா கதிரையில் இருந்தபடி எண்ணினார். எப்ப கிண்டலாம் என்று கேட்டார். ஜூலை என்றேன். விரல் மடித்து எதையோ எண்ணினார். அதன் பிறகு பேச்சில்லை.

ஒக்டோபர் 20
தீபாவளி. வடை கொஞ்சம் கருகிவிட்டது. போன் இல்லை.

ஒக்டோபர் 25
தெரு முழுக்கச் சருகு நிரப்பின மண்ணிறப் பேப்பர் பைகள். உள்ளிப் பாத்தியை மூட, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு ஆறு பை இழுத்து வந்தேன். ஒன்றைப் பிரித்தால் கறுப்பு வால்நட் இலை, நீளக் காம்பின் இரு பக்கமும் வேப்பிலை போல அடுக்கு. அதன் நஞ்சு தக்காளிக்கு ஆகாது. திருப்பிக் கொடுக்க வெட்கம், இருட்டினதும் அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மற்ற ஐந்தும் மேப்பிள். போன வருடம் முழு இலையாகப் போட்டுக் கெட்டேன். பனி உருகியபோது நனைந்த மட்டை போல ஒட்டிக்கிடந்தது. அதற்கடியில் உள்ளி முளை வெளியே வர வழியில்லாமல் வெளிறிச் சுருண்டிருந்தது. இந்த முறை புல்வெட்டியை இரண்டு தரம் ஓட்டி நொறுக்கினேன். ஐந்து பையும் ஒரு பையளவாகச் சுருங்கிப்போனது.

அப்பாவுக்குத் திருப்தி இல்லை. "குழையெண்டா மண்ணுக்குள்ளை தாழ்க்கவேணும். மேலே போட்டால் காத்துத்தான் கொண்டுபோகும்." ஊரில் தாட்டது பச்சைப் பூவரசங்குழை, அதில் தழைச்சத்து (நைதரசன்) உண்டு. இது காய்ந்த சருகு. மண்ணுக்குள் புதைத்தால் உக்குவதற்காக மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும். அதனால்தான் மேலே, என்றேன்.

"படிச்ச பிள்ளை" என்றார். அது பாராட்டு இல்லை.

ஒக்டோபர் 28
பதினோராம் நாள்.

நவம்பர் 2
மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினோம். காத்திருக்க இன்னும் ஒரு மணித்தியாலம். நல்ல நாடு.

நவம்பர் 5
முன்வளவு நோர்வே மேப்பிள் இப்போதுதான் கொட்டுகிறது. இலைக்கு இலை தார் தெறித்தது போலக் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம்தான், மரத்தைக் கொல்லாது. ஆனால் விழுந்த சருகிலேயே மாரியைக் கழித்து, வசந்தத்தில் புது இலைக்கு ஏறும். எனக்குத் தெரியும். உள்ளிக்கு அது ஒன்றும் செய்யாது என்பதும் தெரியும். இருந்தும் டோர்ச் வெளிச்சத்தில் புள்ளி விழுந்த இலைகளைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தேன். கை விறைத்துப்போனது.

புள்ளி என்ற சொல்லை இப்போது வீட்டில் யாரும் சொல்வதில்லை.

நவம்பர் 8
சருகை அள்ளும்போது ஒரு மயிர்க்கொட்டி. இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்மண் நிறம். தொட்டதும் வளையமாகச் சுருண்டது. இது சருகுக்கடியில் உறைந்து கிடந்து வசந்தத்தில் எழும்பி நடக்கும். இனி மரத்தடிச் சருகில் புல்வெட்டி ஓடாது. பாத்திக்கு வேண்டியதை மட்டும் நொறுக்கினால் போதும்.

அப்பாவுக்குக் காட்டினேன். "மூடிவிடு, குளிரப்போகுது" என்றார்.

நவம்பர் 10
இரவெல்லாம் காற்று. விடிந்ததும் அப்பாதான் முதலில் பார்த்தார். பாத்தி அப்படியே இருந்தது. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நவம்பர் 12
போன் வந்தது. வெள்ளி காலை 9.40க்கு நேரில் வரவேணுமாம், போனில் சொல்ல மாட்டார்களாம். இன்னும் ஒரு பை நொறுக்கக் கிடக்கிறது.