காவேரிப்பாக்கம் ஏரியும் ராம்சர் லிஸ்ட்டும்

ராம்சர்ங்கிறது ஈரான்ல காஸ்பியன் கடலோரம் இருக்குற ஊரு. ஏரி, சதுப்பு மாதிரி ஈரநிலங்கள காப்பாத்த 1971 பிப்ரவரி 2ல அங்க தான் நாடுங்க கூடி ஒப்பந்தம் போட்டாங்க, இந்தியா 1982ல சேந்துச்சு. அந்த ஒப்பந்தப்படி முக்கியமான ஈரநிலங்கள பேர் போட்டு வெக்கிற பட்டியல் தான் ராம்சர் லிஸ்ட். வடக்க எங்கியோ கெளம்புற வாத்து பல நாட்ட தாண்டி நம்ம ஏரில வந்து எறங்குது, நடுவுல ஒருத்தன் அவன் ஏரிய தூத்துட்டா இங்க வர்ற கூட்டமும் கொறஞ்சிடும், அதனால எந்த நாடும் தனியா இத பாத்துக்க முடியாது.

அந்த ஒப்பந்தத்துல எனக்கு ரொம்ப புடிச்சது இன்னொன்னு. மனுஷன் வெட்டுன ஏரியும் அதுல ஈரநிலம் தான். ஆளுங்க யாரும் கிட்ட வராதன்னு அது சொல்லல, இயல்பு கெடாம பயன்படுத்திக்கன்னு தான் சொல்லுது.

மழைல ராணிப்பேட்டை மாவட்டத்து காவேரிப்பாக்கம் ஏரி நெறஞ்சி கோடி போறப்ப போய் பாத்தேன். பல்லவர் காலத்து ஏரி, பாலாறு அணைக்கட்டுல இருந்து கால்வாய்ல தண்ணி வருது, கரை மேல நின்னா எதிர்க்கரை தெரியல. தண்ணி விழுற எடத்துல பசங்க வலையோட நிக்குறாங்க, கொஞ்சம் தள்ளி சேத்துல நத்தகுத்தி நாரைங்க. கரைல நின்ன பெரியவர் கிட்ட ராம்சர் பத்தி சொன்னேன். "இன்னாப்பா, சரணாலயம்னு போர்டு வெச்சிட்டா வண்டல் எடுக்க வுடுவானா, மீன் புடிக்க வுடுவானா?"ன்னாரு. நியாயமான பயம். ஆனா ராம்சர் லிஸ்ட்ல இருக்குற வேடந்தாங்கலும் பாசன ஏரி தான, அந்த தண்ணில இன்னிக்கும் நெல்லு வெளையுது.

என் ஆதங்கமே இங்க தான். 2017ல நம்ம நாடு போட்ட ஈரநில விதிங்க, பாசனத்துக்கும் குடிதண்ணிக்கும் வெட்டுன ஏரிங்கள ஈரநிலம்ங்கிற கணக்குலயே சேக்கல, உலக ஒப்பந்தம் சேத்துக்கிட்டத நம்ம விதி வெளிய தள்ளிடுச்சு. ஆனா ராம்சர் லிஸ்ட்ல ஏறுனா அந்த விதி பாதுகாப்பு கெடைக்கும். 2025ல சக்கரக்கோட்டை, தேர்தங்கல் பறவை சரணாலயங்களும் சேந்து தமிழ்நாட்டுல லிஸ்ட்ல இருக்குற எடம் 20 ஆயிடுச்சு, காவேரிப்பாக்கம் இருக்குற பழைய வட ஆற்காட்டுல ஒன்னு கூட இல்ல.

அதுலயும் நம்ம ஏரிங்க தோல் கழிவு பாத்த பாலாத்த நம்பி இருக்கு. கெடுத்தவன் தான் காசு குடுக்கணும்னு 1996லயே சுப்ரீம் கோர்ட் நம்ம வேலூர் தோல் கழிவு கேஸ்ல சொல்லுச்சு. காவேரிப்பாக்கத்த லிஸ்ட்டுக்கு அனுப்பணும், அதுக்கு முன்னாடி அந்த பெரியவர் மாதிரி ஏரித் தண்ணில பயிர் வெக்கிற ஆயக்கட்டு விவசாயிங்களையும் மீன் புடிக்கிறவங்களையும் உக்கார வெச்சு பேசணும், வண்டலும் மீனும் அவங்களுக்கு தான்னு எழுதி குடுக்கணும்.