அந்த 'நீ' யார்?

காதல் பாட்டுக்குள் இயேசு ஒளிந்திருக்கிறாரா என்ற பேச்சு வந்தாலே எனக்கு அமெரிக்கப் பாடகி டெபி பூன் நினைவுதான். 1977-இல் அவர் பாடிய 'யூ லைட் அப் மை லைஃப்' அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜோ புரூக்ஸ் அதை ஒரு சினிமாவுக்காக, காதல் பாட்டாகத்தான் எழுதினார். டெபியோ கடவுளை நினைத்துப் பாடியதாகச் சொன்னார். பாட்டில் இருப்பது வெறும் 'நீ'. எழுதியவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை, பாடியவர் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை. அந்தக் குரலில் இருக்கிற உருக்கம் நிஜம்.

அப்புறம் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ். அவர் போனது எதிர்த்திசையில். 'இட் மஸ்ட் பி ஜீஸஸ்' என்ற காஸ்பல் பாட்டை, அதாவது கிறிஸ்தவ பக்திப் பாட்டைத் தழுவி 1954-இல் 'ஐ காட் எ வுமன்' என்ற காதல் பாட்டைத் தந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், எனக்குச் சிலிர்த்துவிட்டது.