ஹாட் பிரஸ்ஸில் கூழ்வடகம்

டப்ளின் ஜூலையை நம்பி வடக மாவு கிளறியவர் உலகத்திலேயே எங்கள் அத்தை ஒருத்தர்தான். மாவு ஆறுவதற்குள் மழை. அந்த மழை இன்னும் விடவில்லை. மாவை வீணாக்க மனசு வருமா? வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியை இந்த ஊரில் ஹாட் பிரஸ் என்பார்கள். துண்டு, போர்வையெல்லாம் ஈரம் போக உள்ளே அடுக்கி வைப்பார்கள். எங்கள் துண்டுகள் சோபாவுக்கு வந்துவிட்டன. உள்ளே தட்டுத் தட்டாகக் கூழ்வடகம்.

இன்று காலையில் வெந்நீர் வரவில்லை. பிளம்பர் வந்து அலமாரியைத் திறந்தார். "ஜீசஸ், மேரி அண்ட் ஜோசஃப்!"

அத்தை பாளையங்கோட்டை கான்வென்ட்டில் படித்தவர். ஆள் ஜெபம் பண்ணித்தான் வேலையை ஆரம்பிக்கிறார் என்று நினைத்து அவரும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வாட்ஸ் திஸ் யோக்?" என்று ஒரு வடகத்தைத் தூக்கிப் பார்த்தார் பிளம்பர். பெயர் தெரியாத எதுவும் இங்கே யோக்தான். அப்புறம் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரைச் சூடாக்கும் கம்பி, அதாவது எலிமென்ட், பேன்ஜாக்ஸ்டு என்றார். முகம் போன போக்கிலேயே அர்த்தம் புரிந்துவிட்டது. நான் எவ்வளவு ஆகும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து சத்தமாக, "ஃபெக்!"

அத்தைதான். மீட்டிங்கில் இருந்த என் வீட்டுக்காரர் ஹெட்செட்டோடு ஓடிவந்தார். ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வேலியோரம் நின்று கற்றது. அந்தப் பாட்டி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். கொடியில் துணி நனைந்தால் ஃபெக், பஸ் போய்விட்டால் ஃபெக். இங்கே அது கெட்ட வார்த்தையில் சேர்த்தியே இல்லை. இருந்தாலும் மாமியார் வாயில் கேட்டால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

பிளம்பர் சிரித்த சிரிப்பில் உறவாகிவிட்டார். டீ கொடுத்தோம். "ஆ நோ, யூ ஆர் கிராண்ட்" என்றார். வேண்டாமாம். எங்கள் ஊர்ப் பந்தியில் இலையை மறைக்கிற கைக்கெல்லாம் அசராதவர் அத்தை. மூன்றாம் தடவை கேட்டதும் வாங்கிக்கொண்டார். பொரித்த வடகத்துக்கு "நாட் பேட்" என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பிறகுதான் விசாரணை. ஹீட்டருக்கு இம்மெர்ஷன் என்று பெயர். கொஞ்சம் தண்ணீர் சுட சிங்க், தொட்டி முழுக்கச் சுட பாத் என்று சுவிட்ச். அதை அணைக்காமல் வெளியே போவது ஐரிஷ் அம்மாக்கள் மன்னிக்காத குற்றம். ராத்திரி முழுக்க பாத்தில் ஓடவிட்டது யார்? வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். "யா ஈஜிட்!" என்றார் பிளம்பர். முட்டாளே என்பதைத்தான், பாசமாக.

"எலே, கேட்டியா? நான் சொன்னா மட்டும் கோவம் வருது!" என்று அத்தை பிடித்துக்கொண்டார். மின்சாரக் கட்டணத்தில் தொடங்கி, பத்தாம் வகுப்பில் தொலைத்த சைக்கிள் வரைக்கும் போனது. பிளம்பருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சரியான இடங்களில் தலையாட்டினார்.

புது எலிமென்ட்டோடு செவ்வாய்க்கிழமை வருவாராம், ப்ளீஸ் காட். எந்தச் செவ்வாய் என்று கேட்டேன். பை பை பை பைபைபை என்று சொல்லிக்கொண்டே வேன் ஏறிவிட்டார்.

குளிக்கக் கெட்டிலில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கோ, மேல்தட்டு வடகம் ஒடியாமல் இன்னும் வளைகிறதே என்பதுதான் கவலை. என் ஹேர் டிரையரை வேறு காணவில்லை.